மெஷின் கேட்ட தேதி

வள்ளிக்கண்ணு ஹால் நடுவில் நின்றுதான் கத்தினாள்.

"மாத்தி அடிங்கன்னு சொன்னதை அடிக்காம பூசைக்கு ஓடிட்டீங்களா? வாயில இங்கிலீஷ் வந்தா மட்டும் போதுமா?"

"அடிச்சேங்க. மாதா மேல சத்தியமா அடிச்சேன்" என்றாள் டைப்பிஸ்ட் பேட்ரிசியா.

துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனி, பழைய தகட்டுக் கனத்தோடு டெண்டரை மெட்ராசுக்கு அனுப்பிவிட்டது. டெண்டர் போச்சு. நாளையிலிருந்து பேட்ரிசியா வரவேண்டாம் என்றுவிட்டார் மேனேஜர் ஸ்தனிஸ்லாஸ்.

பேட்ரிசியா கம்ப்யூட்டரில் அடித்து வைப்பதில் எது கடைசித் தேதி ஃபைலோ, அதைத் தானே பொறுக்கி பிரிண்டுக்குப் போகும் டைரக்டரியில் போடும் புரோகிராம் வள்ளிக்கண்ணு எழுதியது. லால்குடியில் அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அந்தப் புரோகிராமைக் குறை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

"வாங்க சார், காட்டறேன்" என்று மேனேஜரைக் கம்ப்யூட்டர் ரூமுக்கு இழுத்துப் போனாள். பேட்ரிசியாவும் பின்னாலேயே வந்தாள்.

திரையில் இரண்டு ஃபைல்கள். பழையதில் 88 என்று வருஷம். திருத்தியதும் இருந்தது. அதன் தேதி 1-1-80.

அணைத்தால் அந்த மெஷினுக்குத் தேதி மறந்துவிடும், போடும்போதெல்லாம் கேட்கும். திருத்தி அடித்த அன்று காலை பஸ் லேட். மெஷினைப் போட்டு, தேதி போடாமல் என்டரைத் தட்டிவிட்டுத் தன் சீட்டுக்கு ஓடியவள் வள்ளிக்கண்ணுதான். மெஷின் எண்பதாம் வருஷத்துக்குப் போய்விட்டது. புரோகிராம் புதியதைப் பழையது என்று ஒதுக்கிவிட்டது.

"என்னம்மா தெரியுது? எனக்கு ஒரு எழவும் புரியல" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

அணைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கை சுவிட்ச் வரை போயிற்று. அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

"அவங்க அடிச்சிருக்காங்க சார். நான்தான் தேதி போடல."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கதவைச் சாத்தினார். "சரி, இது இந்த ரூமோட இருக்கட்டும். பேட்ரிசியா, நீ நாளைக்கு வந்துடு."

"என்னை மன்னிச்சிடுங்க" என்றாள் வள்ளிக்கண்ணு.

பேட்ரிசியா கண்ணைத் துடைத்தாள். "திட்டினது ஹால்ல. மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திக்கிட்டா?"

வள்ளிக்கண்ணு கதவைத் திறந்தாள். ஹாலில் டைப்ரைட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் தலை தூக்கினார்கள். அத்தனை சத்தமாகக் கத்தியவள், "தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்க" என்று முணுமுணுத்தாள்.

"கேக்கலீங்க," என்றாள் பேட்ரிசியா, பின்னாலிருந்து.