சரிவில் செந்நாய் இல்லை

அந்தச் சரிவின் அடிவாரத்தில் எந்த மாடு கடிபட்டுச் செத்தாலும் அதைக் கொன்றது சிறுத்தைதான். இப்படியொரு விதியை யாரும் எழுதிவைக்கவில்லை. கூடிப் பேசி முடிவெடுக்கவும் இல்லை. இழப்பீட்டுக்குரிய விலங்குகளின் பட்டியலில் சிறுத்தை இருந்தது, செந்நாய் இல்லை. அந்தக் காட்டில் செந்நாய் இருப்பதற்குப் பதிவு எதுவும் இல்லாததால் அது பட்டியலில் சேரவில்லை. பட்டியலில் சேராததால் பார்த்தவர்கள் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. இந்த வட்டத்துக்குள் ஊரும் வனத்துறையும் முகம் முறிக்காமல் காலம் தள்ளிவந்தன. சிறுத்தையோ, தான் தின்னாத இறைச்சிக்கெல்லாம் பழி சுமந்துகொண்டு எங்கோ சிவனே என்று கிடந்தது.

கால்நடை மருத்துவரும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவள்தான். செத்த மாட்டின் அருகில் நின்று காரணத்தை அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வனச்சரக அலுவலக எழுத்தர் குறித்துக்கொள்வார். அவளுடைய வேலையிலேயே சுலபமான பகுதி அந்த ஒற்றைச் சொல். மாட்டைப் பறிகொடுத்தவரின் கண்ணீரைத் துடைக்கத் தன்னால் ஆனது அதுதான் என்று அவள் நினைத்துவந்தாள்.

இன்று காலை செத்துக் கிடந்தது அவளுடைய அக்காவின் கிடாரி.

தொழுவத்துக்குப் பின்னால், தளர்ந்த கம்பிவேலியை ஒட்டிக் கிடந்தது. தாயை இழந்து, அக்காவின் கையில் புட்டிப்பால் குடித்து வளர்ந்து, இப்போது முதல் கன்றைச் சுமந்திருந்த தலைச்சூல் கிடாரி. அது பிறந்த அன்று கால் பற்றி வெளியே இழுத்தவளே மருத்துவர்தான். இப்போது பின்தொடையும் அடிவயிறும் கிழிந்திருந்தன. கழுத்தில் மட்டும் மிக நேர்த்தியாக இரண்டு துளைகள்.

"மாமா, இது என்ன?"

அக்காவின் கணவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "எது?"

"கழுத்துல ஓட்டை."

"சிறுத்தை கழுத்தத்தானே கடிக்கும்? நீதானே பக்கத்து வீட்டு மாட்டுக்கு அப்படிச் சொன்ன?"

"சிறுத்தைக்குப் பல்லு இருக்கும் மாமா, ஸ்க்ரூடிரைவர் இருக்காது. அதுவும் நட்சத்திர முனை."

"கிண்டல் பண்ணாதடி," என்றாள் அக்கா. ஈ மொய்க்காதபடி ஒரு பழைய துண்டை வீசிக்கொண்டிருந்தாள். "மனுஷன் ஒரு வாய் தண்ணி குடிக்கல. பதட்டத்துல பண்ணிட்டாரு."

மருத்துவர் சிரிக்கவில்லை. சில நாட்களுக்கு முன், சரிவின் மேலிருக்கும் பண்ணையில் ஒரு பசுவுக்குப் பேறு பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அவள் செந்நாய்க் கூட்டத்தைப் பார்த்திருந்தாள். பாறை இடுக்கிலிருந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடிவந்தன. வேட்டையிலிருந்து திரும்பிய பெரியவை தம் வயிற்றிலிருந்ததைக் கக்கி ஊட்டின. தாய் மட்டுமல்ல, கூட்டமே ஊட்டியது. விலா எலும்பு தெரிந்த ஒரு நொண்டி, கக்க எதுவுமில்லாமல், குட்டிகளின் முகத்தை நக்கிக் கொடுத்தது.

அந்தச் சரிவைத்தான் வெடி வைத்துப் பிளந்து புறவழிச்சாலை போடவிருந்தார்கள். அருகிவரும் விலங்கு எதுவும் அங்கே குட்டி போட்டு வாழவில்லை என்று உறுதிசெய்ய வனத்துறைத் தலைமையகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி கணக்கெடுக்க வந்திருந்தார். தான் கண்டதை மருத்துவர் அவரிடம் தனியாக, தாழ்ந்த குரலில் சொன்னாள். அவரும் கேமராக்களை அங்கே மாற்றிக் கட்டினார்; அதற்குள் கூட்டம் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறிவிட்டது. வாய்ச்சொல் பதிவாகாது. படம் வேண்டும், இல்லையேல் செத்த மாட்டின் அருகில் நின்று மருத்துவர் தரும் இறப்புச் சான்று வேண்டும்.

"அக்கா, இத அடிச்சது எதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். அதுக்கென்ன இப்போ?"

"மேல குட்டிங்க இருக்கு. வெடி வச்சா ஒண்ணும் மிஞ்சாது. உலகத்துலயே அந்த இனம் கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு."

"என் தொழுவத்துல ஒண்ணுதான்டி இருந்துச்சு."

"பணத்த நான் தர்றேன்."

அக்கா வீசுவதை நிறுத்தினாள். "உன் காசு யாருக்கு வேணும்? ஊர்ல எல்லார் மாட்டுக்கும் சொன்ன வார்த்தைதானே? கூடப்பொறந்தவளுக்குச் சொல்ல மட்டும் நாக்கு புரளலையா?" குரல் தணிந்தது. "அதுங்கமேல எனக்குக் கோவம் இல்ல. குட்டி பசில கத்துனா எவ வேலியப் பாப்பா? ஆனா அதுங்களுக்குப் பாவம் பாக்க நீ இருக்க. எனக்குப் பாக்க யாரு இருக்கா?"

வாசலில் ஜீப் வந்து நின்றது.

ரேஞ்சர் முதலில் இறங்கினார். "மறுபடியும் நம்ம ஆளா? அந்தச் சிறுத்தைக்கு லீவே கிடையாது போல!" வேலிக்கு அப்பால் கூடிநின்ற அக்கம்பக்கத்தார் கடமைக்குச் சிரித்தார்கள். பின்னால் எழுத்தரும், தோளில் பயணப்பையோடு கணக்கெடுப்பு அதிகாரியும் வந்தார்கள்.

அதிகாரி குனிந்து, கிழிந்த தொடையை வெகுநேரம் பார்த்தார். "சிறுத்தைதானா?"

"கழுத்தப் பாருங்க மேடம்," என்றார் மாமா. "தொடை... அது எங்க வீட்டு நாய் கொஞ்சம் வாய் வச்சிருச்சு."

சங்கிலியில் கட்டிக் கிடந்த, பல்லெல்லாம் விழுந்துபோன கிழட்டு நாய், தன்மேல் விழுந்த பழியை அறியாமல் வாலாட்டியது.

அதிகாரி நிமிர்ந்து மருத்துவரைப் பார்த்தார். "என் சந்தேகத்த நான் எழுத முடியாது டாக்டர். நீங்க சொன்னா எழுதலாம். சாயங்காலம் நான் கிளம்பறேன். சரிவுல செந்நாய் இல்லைன்னு கையெழுத்துப் போடணும்."

"சொல்லுங்க டாக்டரம்மா," என்றார் எழுத்தர். பழக்கதோஷத்தில் 'சி' என்ற எழுத்தை ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தார்.

ரேஞ்சர் அருகில் வந்து முணுமுணுத்தார். அவர் நல்லவர், எத்தனையோ குடும்பங்கள் அவர் தயவில் அடுத்த மாடு வாங்கியிருக்கின்றன. "யோசிச்சுப் பேசும்மா. ஒண்ண மாத்துனா பழசெல்லாம் கிளறுவாங்க. உங்க வேலை போகும். ஊரே உங்கமேல காறித் துப்பும்."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா நிமிரவில்லை, துண்டு மட்டும் விடாமல் அசைந்துகொண்டிருந்தது. அந்த வீச்சைப் பார்க்கப் பார்க்க, தான் இத்தனை காலம் சொல்லிவந்த சொல் யாருடைய கண்ணீரையும் துடைக்கவில்லை, அழுகையின் காரணத்தை மட்டுமே மறைத்தது என்று மருத்துவருக்குத் தோன்றியது. எதன் பெயரைச் சொல்ல எல்லோரும் கூசினார்களோ, அது ஒருநாளும் பட்டியலில் ஏறப்போவதில்லை. அடுத்த தொழுவத்திலும் ஒரு ஸ்க்ரூடிரைவர் தயாராக இருக்கும்.

அவள் போய் அக்காவின் பக்கத்தில் மண்டியிட்டு, துண்டு பிடித்திருந்த கையின்மேல் தன் கையை வைத்தாள். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு மருத்துவர், வேலிக்கு அப்பால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"போட்ட எழுத்த அடிச்சிருங்க சார். செந்நாய். இந்தக் கிடாரிய அடிச்சது செந்நாய்க் கூட்டம். சரிவுல குட்டி வச்சிருக்கு, நானே பாத்தேன். இதுக்கு முன்னால நான் சிறுத்தைன்னு சொன்னதுலயும் பாதி அதுதான். அதுக்கு என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க. ஆனா எங்கக்கா மாட்டுக்கும், இனிமே சாகப்போற மாட்டுக்கும் பணம் குடுத்தா, செந்நாய்ங்கற பேர்லயே குடுங்க."