ட்ரிப்புக்கு ஒன்பது பேர்

டிப்போவில் மீட்டிங் என்றால் கண்டக்டர் குழந்தைராஜ் கடைசி நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுவார். இருபத்தேழு வருடம் நின்றே பிழைத்த கால்கள். அன்று மட்டும் தூக்கம் பறந்துபோனது.

சாலைத் திட்டம் போட வந்திருந்த பூர்ணிமா, திரையில் அவருடைய ரூட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். மேலக்கரையிலிருந்து கும்பகோணம் வரும் காலை பஸ்.

"டிக்கெட் கணக்குப்படி ட்ரிப்புக்கு ஒன்பது பேர்தான் ஏறுறாங்க. எல்லாரும் கார், பைக்னு மாறிட்டாங்க. பஸ்ஸை நிறுத்திட்டு, ஸ்டாப் இருக்கிற இடத்தையும் சேர்த்து ரோட்டை அகலமாக்குறோம்."

ஒன்பது பேரா! வழியில் நடவுக்கு இறங்குகிறவர்கள், டவுனில் கடை வேலைக்குப் போகிறவர்கள் என்று ஐம்பது பெண்களாவது நசுங்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு ஏது கார்? வீட்டில் இருக்கும் ஒரு பைக்கையும் புருஷன் எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த புதிதில், அவர் டிக்கெட் கிழித்துக் கொடுப்பதைப் பார்த்து ஒருவன் "ஓசி டிக்கெட்டா?" என்று இளித்தான். பெண்கள் முகம் சுருங்கிப்போனது. அன்றிலிருந்து தெரிந்த முகங்களுக்கு அவர் டிக்கெட்டே போடுவதில்லை. பாதி இரக்கம், பாதி சோம்பல். செக்கரும் எட்டிப்பார்க்காத ரூட். காசில்லாத டிக்கெட்டால் யாருக்கு நஷ்டம் என்று இருந்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், கொடுத்ததைத்தானே சொல்லும்.

எழுந்தார். வேலைக்கே உலை வைக்கும் பேச்சுதான், ஆனாலும் சொல்லிவிட்டார். "கூட்டம் இருக்கும்மா. நான்தான் டிக்கெட் போடல."

பூர்ணிமா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "மூணு வருஷக் கணக்கை வச்சுப் போட்ட திட்டம் சார். பதினைஞ்சாம் தேதியோட நிறுத்தச் சொல்லி ஆர்டரே வந்துடுச்சு," என்றாள் அலுப்பாக. மேனேஜர் அவருக்கு மெமோ எழுத ஆரம்பித்தார்.

மறுநாள் காலை மேலக்கரையில் மரியபுஷ்பம் ஏறினாள். பாத்திரக்கடையில் வேலை பார்ப்பவள். மறைக்க மனம் வராமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தார்.

அவள் மெல்லக் கேட்டாள். "அப்ப மூணு வருஷமா நாங்க இந்த பஸ்ஸுல வரவே இல்லையாண்ணே?"

அவர் ஒரு டிக்கெட் போட்டு நீட்டினார். அதைப் பார்த்துவிட்டுப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. "எனக்கும் போடுங்கண்ணே." அதற்குப் பின்னால் இன்னொரு கை. கும்பகோணம் வரும்வரை போட்டுக்கொண்டே இருந்தார். ஐம்பத்து மூன்று.

அன்று தேதி பதினைந்து.