மணிலா இருளப்பன்

சவப்பெட்டியின் தலைமாட்டில் எரிந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள் இராமலெட்சுமி. மகன் சிவமணி வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தான்.

"அம்மா, கிளறன்ஸ் அங்கிள் வர்றாராம்! முச்சந்தி கொமியூனிகேசன் கடைக்குக் கோல் எடுத்திருக்காரு. ரேடியோவுல மரண அறிவித்தல் கேட்டாராம். நீர்கொழும்புல இருந்து பஸ் ஏறப் போறாரு."

எண்ணெய் திரியைத் தாண்டி வழிந்து அவள் விரலைச் சுட்டது.

"எந்த கிளறன்ஸ்?" என்றாள், தெரியாதவள் போல.

"என்னம்மா நீங்க. அப்பாவோட கப்பல்ல இருந்தவரு. மணிலாவுல ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே அந்த பொக்சிங் பாத்தாங்க!"

வெளியே தார்ப்பாயின் கீழ் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஆண்களுக்கும் இது கேட்டுவிட்டது. கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒருவர் சொன்னார்: "அந்தச் சண்டைய நேர்ல பாத்த கண்ணு நம்ம ஜிந்துப்பிட்டியில ஒரு சோடிதான் இருந்துச்சு. அதுவும் மூடிருச்சேன்னு இப்பத்தான் பேசிக்கிட்டு இருந்தோம். வரட்டும், வரட்டும். அவரு வாயால ஒருக்கா கேட்டுருவோம்."

இராமலெட்சுமி பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். புருசனின் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் பஞ்சோடு அவர் பாட்டுக்குப் படுத்திருந்தார். பக்கத்து வீட்டு ஆறாயி அவள் முதுகைத் தடவி, "அழுதுரு புள்ள, அடக்கி வெக்காத" என்றாள். அழுகை வரவில்லை.

இருளப்பன் அந்தச் சண்டையைப் பார்த்ததே இல்லை. அலியும் பிரேசியரும் மணிலாவில் மோதிய அன்று கப்பல் அங்கேதான் நின்றது, அது உண்மை. ஆனால் இஞ்சின் அறையில் இவருக்கு வேலை. கிளறன்ஸ்தான் கரைக்குப் போனார். திரும்பி வந்து விடிய விடியக் கதை சொன்னார். கலியாணமான புதிதில் இருளப்பனே அதை இப்படித்தான் சொல்லுவார்: "கிளறன்ஸ் பாத்தான் இராமு, குடுத்து வெச்சவன்."

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில்தான் அது மாறியது. தெரு பற்றி எரிந்தபோது முஹம்மது முதலாளி நாலைந்து குடும்பங்களை இழுத்துப்போய்த் தன் வெங்காயக் கிடங்கில் வைத்துப் பூட்டினார். பட்டப்பகல். வெளியே கண்ணாடி நொறுங்கும் சத்தம், ஆட்கள் ஓடும் சத்தம். சிவமணி அப்போது சின்னப் பிள்ளை. பல்லெல்லாம் கிட்டி, உடம்பு தூக்கிப் போட்டது. அவன் ஒரு வார்த்தை கத்தினாலும் எல்லோரும் போயிருப்பார்கள். இருளப்பன் அவனை மடியில் போட்டு, காதுக்குள் அந்தச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு ரவுண்டாக. நடுவில் பிள்ளை கேட்டான்: "நீங்க பாத்தீங்களாப்பா?"

அவர் இராமலெட்சுமியை ஒருமுறை பார்த்தார். "பாத்தேன்டா. இந்தக் கண்ணால பாத்தேன்."

பிள்ளையின் நடுக்கம் நின்றது. கிடங்கில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தெரு மறுபடி தெருவானபோது அவர் மணிலா இருளப்பன் ஆகிவிட்டார். ரேடியோ அறிவித்தலிலும் சிவமணி அந்தப் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தான்.

இனி அந்த மனுசன் வந்து, "அவனா? அவன் கப்பல்லதானே இருந்தான்" என்று வெள்ளையாய்ச் சொல்லப்போகிறார். பிணத்தை வைத்துக்கொண்டு, தெருவே நிற்க, மகன் அதைக் கேட்கப்போகிறான்.

'முருகா, பாலத்து ஆர்மி செக் பொயின்டுல அந்த ஆள மறிச்சுப் போடு' என்று மனசுக்குள் வேண்டினாள். 'நாலு மணிக்கு எடுத்துருவோம். அது வரைக்கும் மறிச்சுப் போடு.'

மதியம் தாண்டியது. வாசலில் நிழல் விழுந்தபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மணிக்கு மேல் முஹம்மது முதலாளியின் மகள் றஸ்மியா வியர்த்து வடிய வந்தாள். நீர்கொழும்பு ரோட்டில், மாபோலையில் கட்டிக்கொடுத்த பெண்.

"பிந்திப் போச்சு மாமி. பாலத்துல பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்கிட்டாங்க. ஐடென்டிக் கார்ட் பாத்து, தமிழ் ஆக்கள மட்டும் பொறம்பா இருத்தி வெச்சீக்காங்க. கொஞ்சப் பேர ட்ரக்லயும் ஏத்தினாங்க."

"வயசான ஆள் யாரும்..." என்று தொடங்கி நிறுத்தினாள் இராமலெட்சுமி. "வயசான ஆள் யாரும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க மாமி. நெறையப் பேர்."

இராமலெட்சுமியின் கை பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. கேட்டது கிடைத்துவிட்டது. செத்த வீட்டுக்கு என்று புறப்பட்டு வந்த கிழவன். 'நான் இதக் கேக்கல முருகா. மறிக்கத்தானே சொன்னேன்.' எழுந்தாள், உட்கார்ந்தாள், மகனைக் கூப்பிட்டாள்.

"சிவமணி, யாரையாவது பாலத்துக்கு அனுப்பிப் பாக்கலாமாப்பா?"

"யார அனுப்புறது? போறவனையும் சேத்துல்ல புடிப்பான்." அவன் முகமும் வெளுத்திருந்தது. "அவரு வருவாரும்மா."

அமரர் ஊர்தி வந்து முச்சந்தியில் நின்றது. ஐயர் மணியைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இராமலெட்சுமிதான் கெஞ்சினாள். ஆறாயிக்கே ஆச்சரியம்.

தேவாரம் பாடி முடியும் நேரத்தில் வாசலில் ஒரு கிழவர் வந்து நின்றார். வெள்ளைக் கால்சட்டையின் பின்பக்கமெல்லாம் தார்க்கறை. வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது.

"பாலத்தடியில இருத்தி வெச்சுட்டாங்க தங்கச்சி," என்றார் அவளிடம். "மளகெதர, செத்த வீட்டுக்குப் போறேன்னு சிங்களத்துல எத்தினையோ தரம் சொல்லிப் பாத்தேன்."

"வந்துட்டீங்கல்ல அண்ணே," என்றாள்.

கிளறன்ஸ் பெட்டிக்கருகே போய் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். சிவமணியால் பொறுக்க முடியவில்லை.

"அங்கிள், அப்பாவும் நீங்களும் மணிலாவுல எந்தப் பக்கம் ஒக்காந்து பாத்தீங்க?"

சீட்டு விளையாடியவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். இராமலெட்சுமி கிழவரைப் பார்த்தாள். சொல்லாதே என்று எப்படிச் சொல்வது? கிழவரும் அவளைத்தான் பார்த்தார்.

"ரேடியோவுல என்னமோ பேரு சொன்னாங்களே," என்றார் மெதுவாக. "மணிலா இருளப்பன்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நான் எங்க மகன் பாத்தேன்? எனக்கு உள்ள போகக் கிடைக்கல. வெளியில வெயில்ல நின்னுகிட்டு சனம் கத்துற சத்தம் கேட்டதுதான். உங்கப்பா வந்து சொல்லித்தான் எனக்குக் கதையே தெரியும்."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். "அநியாயம், வாசல் வரைக்கும் போயுமா!"

"நீ சொல்லு மகன்," என்றார் கிளறன்ஸ். "அவன் சொன்ன மாதிரியே சொல்லு. கேட்டு வருசமாச்சு."

சிவமணி அப்பாவின் கால்மாட்டில் நின்று சொன்னான். முதலில் குரல் தடுக்கியது, பிறகு வந்துவிட்டது. வெக்கை, கூரைக்குக் கீழே புகை, அலியின் இடுப்பில் பிரேசியர் ஓயாமல் கொடுத்த அடிகள். "பதிமூணாவது ரவுண்டு. அலி விட்டாரு பாருங்க ஒண்ணு..."

கிளறன்ஸின் தலை சட்டென்று திரும்பியது. பறந்துபோகும் எதையோ பின்தொடர்வதுபோல அவர் கண்கள் ஆட்களுக்கு மேலாகப் போய்ச் சுவரோரம் விழுந்தன.

"...பிரேசியரோட வாய்க்குள்ள பல்லுக்கு வெச்சிருந்த கார்ட் தெறிச்சு சனத்துக்குள்ள போய் விழுந்துச்சு!" என்றான் சிவமணி.

இராமலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. ஆறாயி, "அழு புள்ள, அழு" என்றாள்.

ஐயர் அவசரப்படுத்தினார். பெட்டியை மூடித் தூக்கினார்கள். முன்பக்கம் ஒரு தோளுக்குச் சிவமணி, மறுதோளுக்குத் தானே போய் நின்றார் கிளறன்ஸ். விடச் சொன்னார்கள், கேட்கவில்லை. அவர் குள்ளம். பெட்டி அவர் பக்கம் சரிந்தது.

பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். வெள்ளைக் கொடிகளுக்குக் கீழே, ஒடுங்கிய சந்தில், சிவமணி முழங்காலை மடித்துத் தோளைத் தாழ்த்திக்கொண்டு நடந்தான். பெட்டி நேராயிற்று. முச்சந்தி வரைக்கும் அவன் நிமிரவே இல்லை.