உள்ளங்கை அகல நீலம்

பிளாஸ்டிக் தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் உரித்தாள் தங்கை. அடியில், ஃபைபரின் மேல் பூசும் நிறப்பூச்சான ஜெல்கோட் கல்லாக இறுகியிருந்தது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து, தடவினால் கைக்குத் தெரியாதபடி மட்டமாக்கினாள். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது. வெளுத்துப்போன ஃபைபர் வேனின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருநீலத் திட்டு.

தெருத்தெருவாகப் போய்க் கண் பார்த்துக் கண்ணாடி விற்பவரின் வேன் அது. பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்துப் பெயர்ந்த இடம். நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

பில் போடும் வேலையை விட்டுவிட்டு என் பட்டறைக்கு அவள் வந்து மூன்று மாதம். முழுக்க அவளே கலந்த முதல் நிறம் இது. "பொருந்தலேன்னா திங்கக்கிழமை பழைய வேலைக்கே போறேன். நீ நிம்மதியா இரு" என்று காலையில் சொன்னாள். போகாதே என்று நான் சொல்லியிருக்கலாம். என் சொற்கள் காய நேரம் பிடிக்கும். அதற்குள் எதிரில் இருப்பவர் எழுந்து போயிருப்பார்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"வாயே தெறக்க மாட்ட, தெறந்தா இதுதான் வரும். இங்க பாருண்ணா."

கதவைத் திறந்து கீல் ஓரத்தைக் காட்டினாள். வெயில் படாத இடுக்கு. திட்டின் அதே நீலம்.

"வெளுக்காததப் பாத்துக் கலந்தேன். திட்ட எதுக்கு மாத்தணும்? வண்டிய மாத்து."

இத்தனை வருடமும் வெளுத்ததைப் பார்த்தே கலந்தவன் நான். கடைசியில் பாலிஷ் போட்டதும் வண்டி பழைய நிறத்துக்குத் திரும்பும். ஒட்டுப்போட்ட இடம் மட்டும் தேமலாக நிற்கும். பழியை வெயிலின் மேல் போட்டுவிடுவேன்.

பாலிஷ் போடும் பஃபிங் மெஷினை எடுத்தேன். ஜெல்கோட் நகத்தின் கனம்கூட இருக்காது. கொஞ்சம் அழுத்தினாலும் அடியிலிருக்கும் நார் பல்லிளித்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் பக்கமிருந்து ஓட்டினேன். சுண்ணாம்பு படிந்தது போலிருந்த மேல்தோல் கரைந்து, அடியிலிருந்து நீலம் எழுந்து வந்தது.

"வருதுண்ணா, வருது! நிறுத்தாத!"

ஒரு முழம். இரண்டு முழம். திட்டைத் தாண்டிப் பின்விளக்கை எட்டியபோது வாசலில் வேன்காரரின் குரல் கேட்டது.

"காயத்த ஆத்தச் சொன்னா வண்டியக் குளிப்பாட்டிட்டு இருக்கீங்களா? என் கண்ணு பொல்லாத கண்ணும்மா, முடியளவு வித்தியாசமும் தப்பாது."

"ஒட்டு எங்கன்னு நீங்களே கண்டுபிடிங்க சார்" என்றாள் தங்கை.

மெஷினை அணைத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து, சக்கரத்தின் அருகில் விரலை வைத்தார். விரல் மெல்ல நகர்ந்தது. தங்கை என் சட்டைக் கையைப் பற்றிக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை ஒரு வெள்ள வண்டி வருது" என்றேன் தாழ்ந்த குரலில். "வெள்ள கலக்க எனக்கு வராது."

"உஷ்" என்றாள், திரும்பாமல்.

விரல் திட்டின் மேல் ஏறியது. நிற்கவில்லை. பின்விளக்கை நோக்கித் தேடிக்கொண்டே போனது.