பன்னிரண்டாம் கட்டில்

தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், எழுபத்து நான்காம் வருஷம், காய வார்டில் பன்னிரண்டு கட்டில். டாக்டர் செந்தில்வேல் தினமும் ஒன்றில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிப்பார். கட்டைப் பிரிப்பார், புண்ணை அமுக்கிப் பார்ப்பார், அடுத்த கட்டிலுக்குப் போவார். கை மட்டும் அதே கை. முதல் ஆளின் சீழ் கடைசி ஆளுக்கும் பாரபட்சமில்லாமல் போய்ச் சேர்ந்தது. அந்த நாளில் சோசலிசம் பேசாதவர் இல்லை. நடத்திக் காட்டியவர் அவர் ஒருவர்தான்.

கை கழுவ ஏற்பாடு இல்லாமலில்லை. வாசலில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. சிவப்புச் சோப்பு காகிதம் பிரியாமல் பீரோவுக்குள் இருந்தது. பெரிய டாக்டர் பார்வையிட வந்தால் தொட்டி மேல் ஏறும். அவர் போனதும் பீரோவுக்குத் திரும்பும். இரண்டு வருஷமாக அதே சோப்பு.

உப்பளத்தில் மண்வெட்டி பாதத்தில் இறங்கிய மாடக்கண்ணுவுக்குப் பன்னிரண்டாம் கட்டில் கிடைத்தது. அதில் முன்னால் படுத்திருந்தவன் விரல் நீளக் காயத்தோடு வந்து, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போயிருந்தான். மாடக்கண்ணுவின் பெண்டாட்டி சண்முகத்தாய், உப்புச் சுமக்கிறவள், இரண்டு நாள் கூடவே இருந்து பார்த்தாள்.

"சிஸ்டர், ஒண்ணாங் கட்டில்காரவுக நடந்து போறாக. இந்தக் கட்டில்காரவுகளத் தூக்கிட்டுல்லா போறாக. டாக்டர்கிட்ட கையக் கழுவச் சொல்லப்படாதா?"

நர்ஸ் மெட்டில்டா சிரித்தாள். "நல்லாச் சொன்ன போ! நான் வாயத் தொறந்தா நாளைக்கே என்னய எட்டயபுரத்துக்கு மாத்திருவாரு."

மூன்றாம் நாள் பெரிய டாக்டர் வந்தார். தொட்டி மேல் சோப்பைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார், தொடவில்லை. அவரும் செந்தில்வேலும் ஒன்றாம் கட்டிலுக்குப் போனார்கள்.

மாடக்கண்ணுவின் பாதம் வீங்கி மினுமினுத்தது. "இன்னைக்கு ரெண்டு பேருல்லா அமுக்கப் போறாவ," என்றான்.

"நீரு பேசாமக் கிடயும்."

சண்முகத்தாய் எழுந்து போய்ச் சோப்பை எடுத்துக் காகிதத்தைக் கிழித்தாள். செம்பில் தண்ணீர் மொண்டு, கீழே வாளியும் வைத்து, கட்டில் முன்னால் நின்றாள். டாக்டர்கள் வந்ததும் செம்பைச் சாய்த்தாள்.

கல்யாண வீட்டில் சாப்பிட்டுப் பழகியவன் எவனும் செம்பு சாய்ந்தால் கையை நீட்டாமல் இருக்க மாட்டான். பெரிய டாக்டரின் கை தானாக நீண்டது. அதில் சோப்பை வைத்தாள். பெரியவர் நீட்டியபின் செந்தில்வேல் நீட்டாமல் இருக்க முடியுமா? உத்தியோகம் இருக்கிறதே.

"அய்யா, நகத்தயும் தேயிங்க. பத்தாங் கட்டில்காரவுக அங்கனதான் இருக்காக."

வாளித் தண்ணீரின் நிறத்தைப் பெரிய டாக்டர் பார்த்தார். "நல்ல ஏற்பாடு, செந்தில்வேல். யார் யோசனை?"

"நம்ம யோசனைதான் சார்."

பார்வைப் புத்தகத்தில், கட்டிலுக்குக் கட்டில் இதைத் தொடரவும் என்று எழுதிவிட்டுப் போனார்.

"ஏளா, ஆஸ்பத்திரிச் சோப்ப யாரக் கேட்டுப் பிரிச்ச?" என்றார் செந்தில்வேல்.

"தப்புதான்யா. நாளைக்கும் ஊத்த நிக்கேன்."

எழுதியதை மீற முடியாமல் செந்தில்வேல் தினம் பன்னிரண்டு தடவை கை நீட்டினார். கழுவத் தொடங்கிய நான்காம் நாள் வீக்கம் வடிந்தது. மூன்றாம் வாரம் மாடக்கண்ணு இரண்டு காலில் எழுந்து நின்றான். அன்றைக்கே செந்தில்வேல் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்: இருந்த சோப்பு உபயோகிக்கப்பட்டு விட்டபடியால் பார்வைக்கு வைக்கத் தகுதியற்றுவிட்டது, புதிது ஒன்று அனுப்பவும்.

பன்னிரண்டாம் கட்டிலுக்குப் புது ஆள் வந்திருந்தான். சண்முகத்தாய் அவன் பெண்டாட்டியின் கையில் செம்பைத் திணித்தாள்.

"கட்டிலுக்கு ஒரு தடவ ஊத்தணும்ளா. நகத்த மறந்துராத."