புறா இரத்தம்

விடியவே இராசமலருக்கு இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. மூன்று மாதமாகப் புருசன் அப்புத்துரையை உருட்டி, தூக்கி, கழுவி, திரும்பக் கிடத்தியதில் வந்த நோ. பரந்தனில் வயல் இருந்த காலத்தில் அவளும் நெல்மூட்டை தூக்கினவள்தான். மூட்டைக்குப் பீ மூத்திரம் இல்லை. தோய்க்கச் சவுக்காரம் கண்ணில் காணக் கிடையாத காலம் இது. சாம்பலைப் போட்டு அவன் கட்டின சாரத்தை அவித்தாலும் மணம் கையோடு வந்தது. சோற்றைப் பிசையும்போதும் அந்த மணம்தான்.

சண்டையில் இடம்பெயர்ந்து தர்மபுரத்துக்கு வந்து, குத்தகை வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றவனைப் பாரிசவாதம் அடித்தது. வலக்கையும் வலக்காலும் போயின. கிளினிக் தாதி மிஸி வந்த நேரமெல்லாம் ஒன்றையே சொன்னாள்.

"விரலை அவரே மடக்கி நீட்டவேணும் அக்கா. இப்பிடியே விட்டால் இறுகிப்போடும். அவருக்கு மனம் விழுந்துபோச்சு. அதுவும் இந்த வாதம்போல ஒரு வருத்தம்தான், எழும்பப் பஞ்சியெண்டு ஏசாதேங்கோ."

மனம் விழாத ஆள் இந்த றோட்டில் ஆர் என்று இராசமலர் நினைத்தாள்.

அப்புத்துரையின் தமக்கை பத்மாசனிக்கு மிஸியில் நம்பிக்கை இல்லை. புறா இரத்தத்தைச் சூட்டோடு பூசினால் செத்த நரம்பு எழும்பும் என்று நின்றாள். புறா வளர்க்கிற ஐயாத்துரையிடம் ஒரு சோடி வாங்கியாயிற்று. காசு வேண்டாம், பிறகு புறாவுக்குப் புறா தந்தால் போதும் என்றார் அவர்.

காலையில் பத்மாசனி ஒன்றின் கழுத்தைத் திருகி அறுத்து, தோளிலிருந்து விரல் நுனிவரை இரத்தத்தை வழித்துப் பூசினாள். அவன் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"நாளைக்கு மற்றதை அறுப்பம். அதுவரைக்கும் கழுவிப்போடாதை மச்சாள்" என்றுவிட்டுப் போனாள்.

மத்தியானம் வெக்கையில் இரத்தம் காய்ந்து வெடித்தது. கவிச்சி வீடெல்லாம் நின்றது. இலையான் மொய்த்தது. குசினி வாசலில் நின்ற இராசமலர் வாந்தியை விழுங்கினாள். அப்போதுதான் கண்டாள். ஒரு இலையான் அவன் உதட்டில் இருந்தது. அந்தச் செத்த வலக்கை மெல்ல எழும்பி, விரலை விரித்து, அதை விரட்டியது. பிறகு முன்பு கிடந்தபடியே போய்க் கிடந்தது.

அவள் கட்டிலடிக்கு வந்தாள்.

"எப்ப தொடக்கம்?"

அவன் கண்ணை மூடினான்.

"உங்களைத்தான் கேக்கிறன்."

"போன மாதம்." நாக்குத் தடித்து வந்தது சொல்.

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொன்னால் எழும்பச் சொல்லுவாய்." கொஞ்சம் மூச்செடுத்தான். "எழும்பி என்னத்துக்கு?"

ஆரோ ஒருத்தரின் தரிசு வயலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். அதில் கள்ளமும் இல்லை, வெட்கமும் இல்லை. இந்தக் கைக்கு நகம் வெட்டினவள், சூத்துக் கழுவினவள் அவள். துப்பவேண்டும் போலிருந்தது. துப்பினால் அதையும் துடைக்காமல் கிடப்பான் என்று பட்டது. மிஸி சொன்னது இதைத்தானோ?

ஈரத்துணியை அவன் நெஞ்சில் எறிந்தாள்.

"உங்கடை கையை நீங்களே துடையுங்கோ. நான் துடைக்கமாட்டன்."

ஓலைக் கடகத்தின் கீழ் கிடந்த மற்றப் புறாவை எடுத்துக்கொண்டு ஐயாத்துரை வீட்டுக்கு நடந்தாள்.

"என்ன பிள்ளை, இரத்தம் வேலை செய்யேல்லையோ?"

"கை ஏலுமாம் அண்ணை. ஆளுக்குத்தான் ஏலாது."

ஐயாத்துரை புறாவின் செட்டையை விரித்துப் பார்த்துக் கூட்டில் விட்டார். "அப்ப அறுத்ததுக்கு?"

"தாறன்."

திரும்பி வந்தபோது துணி நெஞ்சில் இல்லை, வலது மணிக்கட்டில் கிடந்தது. இழுத்தானோ, வழுக்கி விழுந்ததோ. புறங்கையில் ஒரு விரலகலத்துக்கு மட்டும் இரத்தம் போய்த் தோல் தெரிந்தது. அவன் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்திருந்தான். இலையான் போகவில்லை. அவள் நாரியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

ஐயாத்துரைக்கு இன்னும் ஒரு புறா கடன்.