முத்திரை விழாத முப்பது கிலோ

எடை மேடைக்காரரின் மனைவி வீட்டைவிட்டுப் புறப்பட்ட காலையில் அறுபது கிலோ இருந்தாள். அன்று மாலை, தம்பி வேலை பார்க்கும் நாட்டில் விமானத்தைவிட்டு இறங்கி வரிசையில் நின்றபோது முப்பது கிலோதான் இருந்தாள். இடையில் அவள் இளைத்துவிடவில்லை. கன்னம் அப்படியே இருந்தது, கைக்கடிகாரம் மணிக்கட்டில் எப்போதும்போல இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. வருகிறவர்களை வாசலிலேயே எடை போட்டு எழுதிக்கொள்வது அந்த நாட்டு வழக்கம். சொந்த ஊரில் எவ்வளவு இருந்தீர்கள் என்று படிவத்திலும் கேட்பார்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாததால் அதிகாரி அவளை இறங்கச் சொன்னார், மறுபடி ஏறச் சொன்னார், தன் கைப்பையை வைத்து இயந்திரத்தையும் சோதித்துப் பார்த்தார். பிறகு மீதி எங்கே என்று கேட்டார். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. மீதி வீட்டில்தான் இருக்கும், அவர் தனியாக இருக்கிறார், அடுப்பை அணைத்தாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை என்றாள். அதிகாரி தலையாட்டிக்கொண்டே தடிப் புத்தகத்தைப் புரட்டினார். பகுதியாக வந்து சேர்ந்தவர்களுக்கென்று அதில் ஒரு பிரிவு இருந்தது. தூக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்த ஒரு சமையல்காரருக்காகப் பத்தொன்பது வருடத்துக்கு முன் அதைக் கடைசியாகத் திறந்திருக்கிறார்கள். விசா தொண்ணூறு நாளுக்குத்தான், தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. ஆனால் பாதி ஆளாக வந்தவருக்கு ஒரு நாளை அரை நாளாகத்தான் கழிக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. அவர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, பக்கத்தில் பேனாவால் முப்பது என்று எழுதிக் கொடுத்தார்.

இதைக் கேட்டு வெளியே காத்திருந்த தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் அந்த நகரத்தில் பேருந்து ஓட்டுகிறார். அவருடைய மனைவி முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஊர்க்கோடியில் ஒரு சிகிச்சை நிலையத்தில் திரும்ப நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் ஆகும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நாலு வயதுப் பெண் குழந்தை யார் ஊட்டினாலும் சாப்பிடாது, யார் போட்டாலும் தூங்காது. சம்பளத்துக்கு வந்த இரண்டு பெண்கள் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆறு மாத விசாவுக்கு அவர் ஏறாத அலுவலகம் இல்லை. அம்மா, அப்பா, கணவன், மனைவி, பிள்ளை என்று படிவத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. அக்கா என்ற உறவுக்குக் கட்டமே இல்லை. சரி, மூன்று மாதத்துக்காவது வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வரவழைத்தார். இப்போது தொண்ணூறு நாள் நூற்றெண்பது நாளாகிவிட்டது. அளவெடுத்துத் தைத்ததுபோல் கணக்கு பொருந்தியது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மாதம் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து எடை காட்ட வேண்டும், எடை ஏறினால் நாளும் அந்த விகிதத்தில் வேகமாகக் கழியும்.

இங்கே எடை மேடைக்காரர் மறுநாள் காலையிலேயே மீதியைக் கண்டுபிடித்துவிட்டார். கூடத்தில் ஜன்னலோரம் அவள் உட்காரும் பிரம்பு நாற்காலி, ஆள் இல்லாமலே நடுவில் குழிந்திருந்தது. முப்பது வருடமாக மணல் லாரியும் செங்கல் லாரியும் நிறுத்தி எடை போடுகிற மனிதர், மேடை காட்டாத எதையும் நம்ப மாட்டார். வீட்டுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு மதில்தான். நாற்காலியை மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் வைத்தார். முப்பத்தைந்து காட்டியது, நாற்காலிக்கு ஐந்து போனால் முப்பது. திருப்தியாகத் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தார். போனில் மூன்று பேரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அக்காவின் பாதி மனசு ஆறு மாதமும் இந்த நாற்காலியைவிட்டு அசையக் கூடாது, அதற்கு எடை மேடைக்காரர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர் உத்தியோகமாகவே செய்தார். தினமும் சாயங்காலம் மேடையைப் பூட்டிவிட்டுப் போன் போட்டு ஒரு குறை சொல்வார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. மாடி வீட்டுக்காரர்கள் நம் கொடியில் துணி காயப் போடுகிறார்கள். மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை. இன்று பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. ஒரு வேலை உருப்படியாகச் செய்யத் தெரிகிறதா என்று அக்கா அங்கிருந்து பொரிந்து தள்ளுவாள். அந்தக் கோபம் இருக்கும்வரை நாற்காலியின் குழிவு குறையவில்லை. முதல் மாத எடையில் முப்பது, இரண்டாம் மாத எடையிலும் முப்பது. அறுபது நாள் இருந்தும் முப்பது நாள்தான் செலவாகியிருந்தது.

தம்பியின் வீடு மூன்றாவது மாடியில், இரண்டே அறை. துணி துவைக்கும் இயந்திரம் சமையலறையிலேயே இருந்தது, குழந்தை அதன் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து துணிகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். விடியும் முன்பே தம்பி முதல் பேருந்தை எடுக்கப் போய்விடுவார். தொடக்கத்தில் குழந்தை அத்தைக்குப் பிடிகொடுக்கவே இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடும். அத்தை தன் தட்டை எடுத்துக்கொண்டு, மேசைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அறுபத்தோராம் நாள் குழந்தை தானாக வந்து, ஒரு காலைத் தூக்கி அத்தையின் மடியில் வைத்து, ஷூவை மாட்டிவிடு என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அன்றைக்கு ஆரம்பித்தது வினை. மூன்றாம் மாத எடையில் முப்பத்தைந்து காட்டியது. அதிகாரி கடிந்துகொள்ளவில்லை, எண்ணை மட்டும் சுட்டிக்காட்டி, இப்படியே ஏறினால் ஆறு மாதம் வராது என்றார். இங்கே நாற்காலியின் பிரம்பு ஒரு விரலளவு மேலே எழும்பியிருந்தது. எடை மேடைக்காரர் பதறிப்போய், குழாய்த் தண்ணீர் கூடம்வரை வந்துவிட்டது என்று அன்று போனில் சொன்னார்.

குழந்தையின் அம்மா வீடு திரும்பும்வரை அங்கே இருக்க வேண்டும் என்றால், ஒட்டாமல் இருந்தாக வேண்டும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் செய்தாள். கை நீட்டும் தூரத்திலிருந்தே ஊட்டினாள். குளிப்பாட்டினாள், துடைத்தாள், தலை வாரினாள், ஆனால் தூக்கவில்லை. படுக்கையில் போட்டுப் போர்த்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். குழந்தை ஏதாவது சொல்லிச் சிரித்தால், மாடி வீட்டுக்காரர்களின் துணிகளைப் பிடிவாதமாக நினைத்துக்கொள்வாள். ஒரே வாரத்தில் எடை முப்பதுக்கு இறங்கியது. அக்காவைப்போல் மன உறுதி யாருக்கு வரும் என்று தம்பி மெச்சினார். குழந்தை எதுவும் கேட்கவில்லை. பெரியவர்கள் போனில் பேசுவதை அது காதில் வாங்கிக்கொண்டிருந்தது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

நூறாவது நாள் பிற்பகல், மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அக்கா அறைக்குப் போனாள். குழந்தை கட்டிலின் ஒரு மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. எப்போதும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரியும் பொம்மையை எதிர்ச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

"கிட்ட வராத. ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னா நாள் தீர்ந்துடும்," என்று பொம்மையிடம் சொல்லிக்கொண்டிருந்தது. "அங்கேயே நில்லு."

அக்கா துணிகளைக் கீழே வைத்தாள். குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அது கொஞ்ச நேரம் விறைத்துக்கொண்டே இருந்தது, பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் கணவர் கூப்பிடும்வரை அவள் காத்திருக்கவில்லை, தானே கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"பாதிப் பாதியா ஆறு மாசம் இருக்கிறது வேண்டாங்க. எவ்வளவு நாள் இருக்கோ, அதை முழுசா இருந்துட்டு வந்துடறேன்."

எடை மேடைக்காரர் எதிரிலிருந்த நாற்காலியைப் பார்த்தார். அவர் பேச்சுத் துணைக்கு அதைத்தான் நம்பியிருந்தார். இத்தனை மாதமாக ராத்திரிச் சாப்பாட்டைக்கூட அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அதையும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே இல்லை.

"குழாய் ஒழுகல," என்றார் கடைசியில். "ஒரு நாளும் ஒழுகல. கண்ணாடியும் மூக்கு மேலதான் இருக்கு. மாடியில நல்ல மனுஷங்க, தினம் என்னைச் சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க. இங்க நீ கவலைப்பட ஒண்ணுமே இல்ல. போய்க் குழந்தையைப் பாரு."

போனை வைப்பதற்குள் நாற்காலி முறுமுறுவென்று சத்தம் கொடுத்து நிமிர்ந்துகொண்டது. காலையில் மேடையில் வைத்தபோது நாற்காலியின் ஐந்து கிலோவைத் தவிர வேறொன்றும் காட்டவில்லை. அவர் அன்று மேடையைத் திறக்கவில்லை. காரணம் கேட்ட லாரிக்காரர்களிடம் இயந்திரம் பழுது என்றார்.

மாதம் முடியக் காத்திருக்காமல் மறுநாளே அலுவலகத்துக்குப் போன அக்காவின் எடை அறுபது காட்டியது. அதிகாரி ஏட்டைப் பார்த்துப் பென்சிலால் போட்டுக் கழித்தார். மிச்சம் முப்பத்தேழரை நாள். அரை நாளில் யாரும் ஊர் போய்ச் சேர முடியாது என்று அதை முப்பத்தெட்டாக்கித் தந்தார். குழந்தையின் அம்மா வர எண்பது நாள் இருந்தது. நாற்பத்திரண்டு நாள் இடிக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் அதிகாரிக்கு வேறொரு சந்தேகம் வந்தது. முதல் முப்பது கிலோ வந்த தேதிக்கு முத்திரை இருக்கிறது, இரண்டாவது முப்பது எந்த வாசல் வழியாக வந்தது என்று கேட்டார். அக்கா தனக்குத் தெரியாது என்றாள். அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். பிறகு, ஏட்டில் முத்திரைக்கான இடத்தில் எதுவும் குத்தாமல் ஒரு கோடு மட்டும் போட்டார்.

அந்த முப்பத்தெட்டு நாளும் அக்காவும் குழந்தையும் ஒருவரையொருவர் விட்டு நகரவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து, எந்தத் துணி முதலில் மேலே வரும் என்று பந்தயம் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிகிச்சை நிலையத்துக்குப் போய், குழந்தையின் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனை அடி வைக்கிறாள் என்று மூன்று பேருமாக எண்ணினார்கள். பத்தாயிற்று, பதினேழாயிற்று. அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்பு எப்போதும் இருந்ததில்லை, நாள் எண்ணுவதைக்கூட மறந்துவிட்டாள். தம்பிதான் காலண்டரைப் பார்த்துப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கடைசி நாள் வந்தது. விமான நிலையத்தில் அக்கா எடை இயந்திரத்தில் ஏறியபோது முள் முப்பதில் நின்றது. அதே அதிகாரிதான். வந்தபோது முப்பது, போகும்போது முப்பது, முத்திரை விழுந்தது முழுவதும் திரும்பிப் போகிறது, ஏட்டின்படி குறையில்லை என்றார். மீதியைப் பற்றி அக்காவே தயங்கித் தயங்கிக் கேட்டாள். முத்திரை இல்லாமல் வந்ததற்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது, எண்ண முடியாததை எப்படி வெளியே அனுப்புவது என்று அவர் திருப்பிக் கேட்டார். சட்டத்தில் அதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள் என்றும் சொன்னார். அக்காவுக்குத் தெரிந்த சட்டம் எதிலும் வழி இல்லை.

ஆக முப்பது கிலோ மூன்றாவது மாடியிலேயே தங்கிவிட்டது. அடுத்த நாற்பத்திரண்டு நாளும் குழந்தையின் படுக்கையில் ஒரு பக்கம் குழிந்திருந்தது, குழந்தை அந்தப் பள்ளத்தில் கையை வைத்துக்கொண்டு தூங்கியது. தட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் ஓடவில்லை. தம்பி குழந்தையைத் தன் பேருந்திலேயே கூட்டிக்கொண்டு போனார். பெரியவர் துணையில்லாமல் குழந்தையை ஏற்றக்கூடாது என்பது விதி. ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இரட்டை இருக்கையில் ஜன்னலோரம் குழந்தை உட்காரும். பக்கத்து இருக்கை தானாக அமுங்கும், பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்கும், குழந்தை எட்டி அந்த வெற்றிடத்துக்குக் குறுக்கே பெல்ட்டை மாட்டியதும் நிற்கும். பரிசோதகர் ஏறிப் பார்த்துவிட்டு, துணைக்கு ஆள் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு இறங்கினார். கூட்டமான நேரத்திலும் பயணிகள் யாரும் அங்கே உட்காரவில்லை.

நூற்றெண்பதாம் நாள் குழந்தையின் அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு தன் காலிலேயே வீட்டுக்குள் வந்தாள். மகள் தன்னிடம் ஒட்டாமல் போய்விடுவாளோ என்ற பயம் அவளுக்கு ஆறு மாதமாக இருந்தது. அன்று இரவு, அந்தப் பக்கம் அத்தை இருக்காங்க, நீ இந்தப் பக்கம் படுத்துக்கோ என்று குழந்தை நகர்ந்து இடம் கொடுத்தது. அவள் படுத்தாள். அந்தப் பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்து, "அண்ணி," என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. மறுநாளிலிருந்து பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக மேடேறியது.

இங்கே எடை மேடைக்காரர் பாதி மனைவியோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டிருந்தார். கேட்ட கேள்விக்குப் பாதி நேரம்தான் பதில் வரும், காற்றடித்தால் அவள் கதவைப் பிடித்துக்கொள்வாள். அவர் குறையே சொல்லவில்லை. தம்பி மனைவி வீடு வந்த செய்தி கேட்ட வாரத்திலிருந்து அக்காவின் நடையில் சத்தம் வரத் தொடங்கியது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலை அவளை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐம்பத்தைந்து காட்டியது. அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அஞ்சு குறையுதே."

"அது வராதுங்க," என்றாள் அக்கா. "குழந்தை கையை விட மாட்டேங்குது."

எடை மேடைக்காரர் அவள் இறங்குவதற்குக் கை கொடுத்தார்.

"இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு யாரு நாள் எண்ணப்போறாங்க," என்றார்.

பின்னால் ஒரு செங்கல் லாரி ஹாரன் அடித்தது. இருவரும் ஓரமாக நின்று அதற்கு வழிவிட்டார்கள்.